வங்கக்கடலின் அடியில் இயந்திரக் கைகள்: தமிழகத்தில் நீரடி ரோபோக்களின் வரலாறு

நீரடி ரோபோ என்பது மனிதர் இறங்க முடியாத ஆழத்தில், அவருக்குப் பதிலாகப் பார்க்கவும் அளக்கவும் பிடிக்கவும் பழுதுபார்க்கவும் அமைக்கப்பட்ட இயந்திரம் ஆகும். இதில் இரு பெரும் வகைகள் உண்டு. கப்பலிலிருந்து நீளும் வடத்தின் வழியாக மின்சாரமும் கட்டளையும் பெற்று இயங்குவது தொலை இயக்க ஊர்தி. வடம் ஏதுமின்றித் தன் மின்கலத்தையும் கணினியையும் நம்பித் தானே முடிவெடுத்துச் செல்வது தானியங்கு ஊர்தி. முதல் வகைக்குக் கைகள் உண்டு, சுதந்திரம் இல்லை. இரண்டாம் வகைக்குச் சுதந்திரம் உண்டு. பெரும்பாலும் கைகள் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, தானே சென்று தானே வேலை செய்யும் ரோபோவை உருவாக்குவதே இத்துறையின் நெடுநாள் இலக்கு.

இந்தியாவில் இத்துறையின் முதன்மையான களம் சென்னை. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடந்த முப்பது ஆண்டுகளில் ஆழ்கடல் ஊர்திகள் பலவற்றை வடிவமைத்தும் வாங்கியும் இயக்கியும் வந்துள்ளது. கனிமத் தேடலுக்காகத் தொடங்கிய இம்முயற்சி, காணாமற்போன விமானம் ஒன்றின் புதிருக்கு விடை தேடித் தரும் அளவுக்கு வளர்ந்தது.

மனிதர் எட்டிய ஆழம்

தமிழகக் கடற்கரைக்கு நீருக்கடியில் வேலை செய்வது புதிதன்று. கொற்கையின் முத்து சங்க காலத்திலேயே புகழ் பெற்றது. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் ஆழத்தைப் 'பாகம்' என்ற அளவால் குறித்தனர். ஒரு பாகம் என்பது இரு கைகளையும் அகல விரித்த நீளம், அதாவது ஏறத்தாழ ஆறு அடி. காலில் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளைப் பொறுக்கி, கயிற்றை அசைத்துக் குறி காட்டியதும் மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். குளிப்பவரின் உயிர் கயிறு பிடிப்பவரின் கவனத்தில் இருந்தது. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. சங்கு குளிக்கும் தொழில் இன்றும் தொடர்கிறது.

மூச்சடக்கி இறங்குபவர் எட்டும் ஆழம் சில பத்து மீட்டர்களே. காற்று உருளையும் தனிப்பயிற்சியும் அதைச் சற்றுக் கூட்டும். எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்யும் தொழில்முறை மூழ்குநர்கள் ஈலியம் கலந்த காற்றைச் சுவாசித்து, நாட்கணக்கில் அழுத்த அறையிலேயே தங்கி, ஏறத்தாழ 300 மீட்டர் வரை சென்று பணிபுரிகின்றனர். அதற்குக் கீழே மனித உடல் நேரடியாக வேலை செய்யும் நிலை அரிது.

காரணம் அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6000 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது, அதாவது விரல்நகம் அளவான இடத்தின்மீது, 600 கிலோகிராமுக்கு மேல் எடை அழுத்தும். ஆறு கிலோமீட்டர் தூரத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் முழு உயரத்துக்கும் நீரை நிரப்பினால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ, ஏறத்தாழ அதுவே ஆழ்கடல் படுகையின் நிலை. அங்கு ஒளி இல்லை. வானொலி அலையும் செல்லாது.

உலகில் தொடக்கம்

வடமின்றி இயங்கும் முதல் நீரடி ஊர்தியை 1957-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் உருவாக்கத் தொடங்கியது. கடல்நீரின் தன்மைகளை அளப்பதே அதன் பணி. கைகள் அதற்கு இல்லை. கைகளுடைய ஊர்தியை உலகம் அறிந்தது 1966-இல். அவ்வாண்டு சனவரியில் ஸ்பெயின் நாட்டின் பாலோமாரெஸ் அருகே இரு அமெரிக்க விமானங்கள் நடுவானில் மோதின. ஓர் ஐதரசன் குண்டு கடலில் விழுந்தது. 850 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடந்த அதை 'ஆல்வின்' என்ற ஆளேறும் நீர்மூழ்கி கண்டறிந்தது. அதை மேலே கொண்டுவர அமெரிக்கக் கடற்படையின் 'கர்வ்' என்ற வடமுள்ள ஊர்தி அனுப்பப்பட்டது. குண்டின் வான்குடைத் துணியில் ஊர்தியே சிக்கிக்கொண்டது. ஊர்தியையும் குண்டையும் சேர்த்தே மேலே இழுத்தனர்.

1973-இல் அயர்லாந்துக்கு அப்பால் 480 மீட்டர் ஆழத்தில் 'பைசிஸ் 3' என்ற சிறு நீர்மூழ்கி இரு மனிதருடன் சிக்கியது. கர்வ் வரிசையின் அடுத்த ஊர்தியும் வேறு நீர்மூழ்கிகளும் சேர்ந்து அதில் கயிறு மாட்டின. மூன்று நாட்களுக்கு மேல் உள்ளே அடைபட்டிருந்த இருவரும் உயிருடன் மீட்கப்பட்டனர்.

இந்தியர் இத்துறையின் பயனை முதலில் உணர்ந்தது பெருந்துயர் ஒன்றின் வழியாக. 1985 சூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்தின் தென்மேற்கே அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியது. அதில் இருந்த 329 பேரும் இறந்தனர். சிதைவுகள் ஏறத்தாழ 2000 மீட்டர் ஆழத்தில் கிடந்தன. அடுத்த மாதமே விமானத்தின் இரு பதிவுப் பெட்டிகளும் மேலே கொண்டுவரப்பட்டன. எடுத்துத் தந்தது 'ஸ்காரப்' என்ற ஊர்தி. கடலடித் தொலைபேசி வடங்களைப் பழுதுபார்க்கவும் மண்ணில் புதைக்கவும் அமைக்கப்பட்ட பராமரிப்பு இயந்திரம் அது. அதைச் சுமந்து சென்றதும் வடம் பழுதுபார்க்கும் பிரெஞ்சுக் கப்பலே. அன்றாடப் பராமரிப்புக்கு என்று வைத்திருக்கும் கருவி பேரிடர் நாளில் கைகொடுக்கும் என்ற பாடம் அதில் இருந்தது. அதே பாடம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் கடலூர்க் கடலில் மீண்டும் மெய்ப்பட்டது.

கனிமத் தேடலும் பள்ளிக்கரணையும்

இந்தியாவை ஆழ்கடலுக்கு இழுத்தவை உருளைக்கிழங்கு அளவேயான கருங்கட்டிகள். மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகியவை கலந்த இந்தப் பல்லுலோக முடிச்சுகள் கடற்படுகையில் பரவிக் கிடக்கின்றன; பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் அவை வளர்கின்றன. 1981 சனவரி 26 அன்று 'கவேஷணி' என்ற ஆய்வுக் கப்பல் இந்தியாவுக்காக முதல் மாதிரியை எடுத்தது. 1987-இல் இந்தியாவுக்கு 'முன்னோடி முதலீட்டாளர்' என்ற தகுதியும், மத்திய இந்தியப் பெருங்கடலில் 1,50,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் கிடைத்தன. 2002-இல் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிற்பாடு பாதிப் பரப்பைத் திருப்பித் தந்து 75,000 சதுர கிலோமீட்டரை இந்தியா வைத்துக்கொண்டது. அங்கு 38 கோடி டன் முடிச்சுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

உரிமை கிடைத்தது; எட்டுவதற்குக் கை இல்லை. இந்தக் குறையைப் போக்க வேண்டியிருந்த சூழலில்தான் 1993 நவம்பரில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அது மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது.

நிறுவனத்தின் தொடக்கக் காலத்தில் ஒரு பெருந்தோல்வி நிகழ்ந்தது. கடலின் மேற்பரப்பு வெந்நீருக்கும் ஆழத்துக் குளிர்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக்கொண்டு மின்சாரம் எடுக்கும் 1 மெகாவாட் நிலையத்தைத் தூத்துக்குடிக் கடலில் மிதவைமீது அமைக்க முயன்றனர். அதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள குழாயை ஆழத்துக்கு இறக்க வேண்டும். 2001-இலும் அதன் பிறகும் நடந்த முயற்சிகளில் குழாயை இறக்கும் கட்டத்திலேயே சிக்கல் ஏற்பட்டது, திட்டம் நிறைவேறவில்லை. கரையில் எளிதாகத் தோன்றும் இணைப்பு வேலை ஆழ்கடலில் எவ்வளவு கடினம் என்பதை அது காட்டியது. அந்த அனுபவம் வீணாகவில்லை. 2005-இல் இலட்சத்தீவின் கவரத்தியில் இதே வெப்ப வேறுபாட்டைப் பயன்படுத்தி நாள்தோறும் ஒரு இலட்சம் லிட்டர் குடிநீர் தரும் நிலையத்தை நிறுவனம் அமைத்தது.

மற்றொரு பக்கம், ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்துடன் இணைந்து கடற்படுகையில் ஊர்ந்து செல்லும் சுரங்க இயந்திரம் உருவாக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் 410 மீட்டர் ஆழத்தில் சோதிக்கப்பட்டது. இத்தகைய இயந்திரங்களை இறக்கத் தகுந்த கப்பலும் தேவைப்பட்டது. இத்தாலியில் கட்டப்பட்ட 'சாகர் நிதி' 2008 அளவில் பணிக்கு வந்தது. காற்றும் நீரோட்டமும் தள்ளினாலும் நங்கூரமின்றி ஒரே இடத்தில் நிற்கும் ஆற்றல் அக்கப்பலுக்கு உண்டு. கீழே கிலோமீட்டர் கணக்கில் வடம் தொங்கும்போது மேலே கப்பல் அசையாமல் நிற்பது இன்றியமையாதது.

ரோசப் 6000

இந்தியாவின் முதல் பேராழத் தொலை இயக்க ஊர்தி 'ரோசப் 6000' ஆகும். மாஸ்கோவைச் சேர்ந்த கடல்சார் பொறியியல் வடிவமைப்பு நிறுவனம் ஒன்றின் கூட்டுறவுடன் பள்ளிக்கரணை நிறுவனம் இதை உருவாக்கியது. 6000 மீட்டர் ஆழத்துக்கு என வடிவமைக்கப்பட்ட இவ்வூர்தி, 2010-இல் சாகர் நிதியிலிருந்து மத்திய இந்தியப் பெருங்கடலில் இறக்கப்பட்டு 5289 மீட்டர் ஆழத்தை எட்டியது.

இதன் அமைப்பைப் புரிந்துகொள்வது கடினமன்று. கப்பலிலிருந்து இரும்புக் கவசமிட்ட தடித்த வடம் ஒன்று ஒரு கூண்டைத் தாங்கிக்கொண்டு இறங்குகிறது. அடிக்கு அருகில் வந்ததும் கூண்டிலிருந்து ஊர்தி வெளிவருகிறது. கூண்டுக்கும் ஊர்திக்கும் இடையே மெல்லிய, எளிதில் வளையும் இன்னொரு வடம் உண்டு. மேலே அலையில் கப்பல் ஏறி இறங்கினால் அந்த அதிர்ச்சி கூண்டோடு நின்றுவிடும். ஊர்தி அமைதியாக வேலை செய்யும். ஊர்தியில் ஒளிவிளக்குகள், படக்கருவிகள், ஒலியால் வழி காணும் சோனார், உந்து சுழலிகள், இரண்டு இயந்திரக் கைகள் ஆகியவை உள்ளன. மின்னணுப் பகுதிகள் அழுத்தம் தாங்கும் உலோகக் கலங்களில் இருக்கும். மோட்டார் போன்ற பகுதிகளில் எண்ணெயை நிரப்பி, உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்துக்குச் சமமாக்கிவிடுவர். இதனால் தடித்த உலோகச் சுவர் தேவைப்படுவதில்லை. நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைப் பிசினில் பதித்துச் செய்த மிதவைப் பொருள் ஊர்தியின் எடையைச் சமன்செய்கிறது.

கயிறு பிடிப்பவரை நம்பி இறங்கிய முத்துக்குளிப்பவரின் முறையும் இதுவும் அடிப்படையில் ஒன்றே. கயிற்றின் வழியாக இன்று மின்சாரமும் படமும் செல்கின்றன.

இதன் இளவல் என்று சொல்லத்தக்கது 500 மீட்டர் ஆழத்துக்கான 'புரோவ்' என்ற சிறு ஊர்தி. அந்தமான் பவளப் பாறைகளைப் படம்பிடிக்க இது பயன்பட்டது. 2015-இல் அண்டார்க்டிகாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டுப் பனிக்கடியில் இயக்கப்பட்டது.

வடத்தை அறுத்தல்

வடம் உறுதியைத் தருகிறது. கூடவே கட்டிப்போடவும் செய்கிறது. ஆறு கிலோமீட்டர் வடத்தை இழுத்துக்கொண்டு ஊர்தி வேகமாகச் செல்ல முடியாது. ஊர்தி வேலை செய்யும் நேரம் முழுவதும் பெரிய கப்பல் ஒன்று மேலே நின்றாக வேண்டும். செலவின் பெரும்பகுதி அந்தக் கப்பலுக்கே போகிறது. எனவே வடமற்ற ஊர்திகளின் தேவை எழுந்தது.

வடத்தை அறுத்தவுடன் மூன்று சிக்கல்கள் தோன்றுகின்றன. முதலாவது, ஆற்றல். மின்கலத்தில் உள்ளதே கணக்கு. இரண்டாவது, வழி அறிதல். செயற்கைக்கோள் குறிகள் நீருக்குள் நுழையா. எனவே ஊர்தி தன் வேகத்தையும் திரும்பிய கோணத்தையும் நொடிதோறும் கணக்கிட்டுத் தன் இடத்தை ஊகிக்கிறது. கடற்படுகையில் பட்டுத் திரும்பும் ஒலியைக்கொண்டு அதைத் திருத்திக்கொள்கிறது. மூன்றாவது, பேச்சு. நீரில் தொலைவுக்குச் செல்வது ஒலி மட்டுமே. நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் என்பது அதன் வேகம். 6000 மீட்டர் ஆழத்திலுள்ள ஊர்தியிடம் ஒரு கேள்வி கேட்டால் விடை வர எட்டு நொடி ஆகும். அதுவும் சுருக்கமான செய்தியாகவே வரும். ஓடும் படத்தை அவ்வழியே தெளிவாக அனுப்ப இயலாது. ஆகவே ஊர்தி தானே முடிவெடுத்தாக வேண்டும்.

இந்தியாவில் இவ்வகை முயற்சிகள் முதலில் குறைந்த ஆழத்தில் நடந்தன. கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் 200 மீட்டர் ஆழத்துக்கான 'மாயா' ஊர்தியை உருவாக்கியது. துர்காபூரின் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் 150 மீட்டர் ஆழத்துக்கான ஊர்தியைக் கேரளத்தின் இடுக்கி நீர்த்தேக்கத்தில் சோதித்துப் பின் சென்னைக் கடலுக்குக் கொண்டுவந்தது. பள்ளிக்கரணை நிறுவனம் பொறியியல் மாணவர்களுக்காகத் தானியங்கு நீரடி ஊர்திப் போட்டியையும் நடத்தியது.

பேராழத்துக்கான தானியங்கு ஊர்தி வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்டது. 'ஓ.எம்.ஈ. 6000' என்ற பெயருடைய இது, 2022 டிசம்பரில் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5271 மீட்டர் ஆழத்தில் 14 சதுர கிலோமீட்டர் முடிச்சுப் பரப்பை ஆராய்ந்தது. 2024 டிசம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 4500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் உமிழும் கடலடி ஊற்று ஒன்றை இது படம்பிடித்த செய்தி வெளியானது.

இரண்டு விமானங்கள்

2015 சூன் 8 அன்று இரவு, கடலோரக் காவற்படையின் டோர்னியர் விமானம் மூன்று பணியாளருடன் தமிழகக் கடலுக்கு மேலே மறைந்தது. கப்பல்கள் ஒரு மாதம் தேடின. கடைசியில் கடற்படையின் 'சிந்துத்வஜ்' நீர்மூழ்கி, விமானத்தின் பதிவுப் பெட்டியிலிருந்து வந்த ஒலிக்குறியைக் கேட்டது. கடலூருக்கு அப்பால், ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்திலிருந்து பெட்டியையும் சிதைவுகளையும் எடுத்தது தனியார் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் 'ஒலிம்பிக் கேன்யன்' கப்பலின் தொலை இயக்க ஊர்தி. கடலடிக் கிணறுகளைப் பராமரிக்கும் கப்பல் அது. கனிஷ்காவின் பாடம் இங்கும் பொருந்தியது.

அடுத்த ஆண்டு, 2016 சூலை 22 அன்று காலை, தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேர் நோக்கிப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக்கடலுக்கு மேலே காணாமற்போனது. விமானங்களும் கப்பல்களும் நீர்மூழ்கியும் தேடின. சாகர் நிதியும் தேடலில் சேர்ந்தது. தடயம் கிடைக்கவில்லை. அங்குக் கடலின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். சில வாரங்களில் தேடல் நிறுத்தப்பட்டது. உடலும் கிடைக்காமல், சிதைவும் கிடைக்காமல், இறந்தனர் என்று அறிவிக்கப்பட்ட 29 பேரின் குடும்பத்தார் ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தனர்.

2024 சனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ஒரு செய்தியை வெளியிட்டது. பள்ளிக்கரணை நிறுவனத்தின் தானியங்கு ஊர்தி, விமானம் கடைசியாக அறியப்பட்ட பகுதியில், 3400 மீட்டர் ஆழத்தில் சோனார்களாலும் படக்கருவியாலும் ஆராய்ந்தது; சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 140 கடல் மைல் தொலைவில் நொறுங்கிய விமானத்தின் பகுதிகள் படத்தில் தெரிந்தன; படங்கள் ஏ.என்.-32 விமானத்தோடு ஒத்திருந்தன. அப்பகுதியில் வேறெந்த விமானமும் விழுந்ததாகப் பதிவில்லை என்பதால் அது காணாமற்போன விமானமே எனக் கருதப்படுகிறது என்று அச்செய்தி கூறியது. மூழ்கிய இடம் தெரியாத உறவினருக்கு அந்த இடத்தைக் காட்டியதே இந்திய நீரடி ரோபோ வரலாற்றில் மக்கள் நெஞ்சைத் தொட்ட நிகழ்வாகும்.

இந்த இரு நிகழ்வுகளும் இரு வகை ஊர்திகளின் இயல்பையும் விளக்குகின்றன. பரந்த பரப்பைத் தேடிக் கண்டது வடமற்ற ஊர்தி. இடம் தெரிந்த பின் கைநீட்டி எடுத்தது வடமுள்ள ஊர்தி.

கைவேலையின் கடினம்

கண்டுபிடிக்கும் ரோபோவுக்கே கையையும் பொருத்தி எடுத்துவரச் செய்தால் என்ன? கேள்வி எளிது, விடை கடினம். தரையில் உள்ள ரோபோவுக்குக் கால் ஊன்ற நிலம் உண்டு. நீரில் மிதக்கும் ஊர்தி தன் கையை முன்னே நீட்டினால் உடல் பின்னே நகரும். கனமான பொருளைத் தூக்கினால் முன்பக்கம் சாயும். நீரோட்டம் ஓயாமல் தள்ளும். அடியில் உள்ள நுண்மண் கலங்கினால் படக்கருவி குருடாகிவிடும். ஒரு திருகை மூடுவதற்கு மனிதக் கை செய்யும் எண்ணற்ற சிறு திருத்தங்களை ரோபோ ஒவ்வொன்றாகக் கணக்கிட வேண்டும்.

2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் 'அலைவ்' திட்டம், கடலடிக் கருவிப் பலகை ஒன்றைத் தானே அணுகிப் பற்றிக்கொண்டு கையால் இயக்கும் ஊர்தியைச் செய்து காட்டியது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் 'சாவிம்' ஊர்தி, மனிதர் கைகாட்டாமலேயே நீரடியில் ஒரு பொருளைத் தேடிக் கொக்கி மாட்டியது. நார்வேயில் பாம்புபோல் வளைந்து குழாய்களின் இடுக்கில் நுழையும் 'ஈலூம்' ரோபோவும், இத்தாலியில் கடலடி நிலையத்திலேயே தங்கி மின்னேற்றிக்கொள்ளத் தக்க 'ஹைட்ரோன்' ஊர்தியும் உருவாக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பழுதுக்கும் கப்பலை வரவழைக்காமல், ரோபோவைக் கடலடியிலேயே காவலாளிபோலக் குடியமர்த்துவது இவற்றின் நோக்கம்.

இதில் உள்ள பொறுப்பையும் மறக்க இயலாது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் மேடை ஒன்று வெடித்து 11 பேர் இறந்தனர். 1500 மீட்டர் ஆழத்தில் உடைந்த கிணற்றை அடைக்கத் தொலை இயக்க ஊர்திகள் உடனே அனுப்பப்பட்டன. அடைப்புக் கருவியை அவை இயக்க முயன்றும் பலிக்கவில்லை. எண்ணெய் நிற்க 87 நாட்கள் ஆயின. இறுதியில் மூடியைப் பொருத்தும் பணியிலும் அதே ஊர்திகளே உழைத்தன. ஆழத்தில் கை இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கை பிடிக்கத் தக்கவாறு கருவிகளையும் முன்கூட்டியே அமைத்திருக்க வேண்டும்.

அன்றாடப் பராமரிப்பு

தமிழகத்தில் இவ்வகை ரோபோக்களின் தேவை ஆழ்கடலோடு முடிவதில்லை. துறைமுகத் தூண்கள், பாலத்தின் அடிக்கால்கள், அணைச்சுவர்கள், அனல்மின் நிலையங்களின் கடல்நீர்க் குழாய்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களின் உறிஞ்சு குழாய்கள் ஆகிய அனைத்தும் நீருக்கடியில் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. சிப்பி படிகிறது; இரும்பு அரிக்கிறது; கற்காரையில் விரிசல் விழுகிறது. இவற்றை நீண்டகாலமாக மூழ்குநர்களே கையால் தடவிப் பார்த்துச் சொல்லி வந்தனர். சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் முளைத்து 2015-இல் தொடங்கப்பட்ட 'பிளானிஸ்' நிறுவனம், சிறிய தொலை இயக்க ஊர்திகளால் இத்தகைய கட்டமைப்புகளைப் படம்பிடித்து, உலோகத்தின் தடிப்பையும் அளந்து தருகிறது.

2020 ஆகஸ்டில் சென்னையையும் அந்தமான் தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் கடலடிக் கண்ணாடி இழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. அத்தீவுகளின் இணையம், வங்கிப் பணி, மருத்துவ ஆலோசனை ஆகியவை பெரிதும் அவ்வடத்தை நம்பியுள்ளன. நங்கூரமோ நிலநடுக்கமோ இத்தகைய வடத்தை அறுத்தால், அறுந்த முனையைத் தேடிப் பிடித்து ஒட்டவைக்க வேண்டும். ஸ்காரப் பிறந்தது இந்த வேலைக்காகத்தான்.

ஆழ்கடல் திட்டமும் அதன் வினாக்களும்

2021 சூனில் மத்திய அமைச்சரவை 4077 கோடி ரூபாய் மதிப்பிலான ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் ஒரு பகுதியான 'சமுத்திரயான்', மூவரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியை உருவாக்கும் பணி. 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள டைட்டேனியக் கோளத்தில் மூவரும் அமர்வர். வழக்கமாக 12 மணி நேரமும், இடர் நேர்ந்தால் 96 மணி நேரமும் உயிர் தாங்கும் ஏற்பாடு திட்டமிடப்பட்டுள்ளது. 2025 தொடக்கத்தில் இவ்வூர்தி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரெஞ்சு நீர்மூழ்கி 'நாட்டீல்' வழியாக அட்லாண்டிக்கில் முறையே 4025, 5002 மீட்டர் ஆழத்துக்குச் சென்று திரும்பினர்.

சுரங்க இயந்திரமும் வளர்ந்தது. 'வராகா' என்ற ஊர்ந்து செல்லும் இயந்திரம் 2021-இல் 5270 மீட்டர் ஆழத்தில் நகர்ந்து காட்டியது. 2024-இல் அந்தமான் கடலில் 1173 மீட்டர் ஆழத்தில் முடிச்சுகளைச் சேகரித்துப் பார்த்தது.

இங்கே ஒரு கடினமான வினா எழுகிறது. பல இலட்சம் ஆண்டுகளில் வளர்ந்த முடிச்சை ஒரு நாளில் வாரிவிட்டால், அதில் ஒட்டி வாழும் உயிர்கள் என்ன ஆகும்? கிளம்பும் மண்கலக்கம் எவ்வளவு தொலைவு பரவும்? மின்வாகன மின்கலங்களுக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேண்டும் என்பது ஒரு பக்கம்; ஆழ்கடலை நன்கு அறியும் முன் அதைக் கிளறக் கூடாது என்று பல நாடுகளும் அறிவியலாளரும் கூறுவது மறுபக்கம். இவ்வினாவுக்கு விடை காணவும் நீரடி ரோபோவே தேவை. கடற்படுகையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேறு வழியில்லை. ஒரே கருவி அள்ளவும் உதவும். அள்ளக் கூடாது என்பதற்குச் சான்று தேடவும் உதவும்.

கடலுக்கு அப்பால்

கடலில் கற்ற பாடம் கரைக்கும் பொருந்தும். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரம் தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இங்குக் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கிய தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி இறந்த நிகழ்வுகள் உண்டு. தோல் கழிவிலிருந்து எழும் ஐதரசன் சல்பைடு வாயு, அளவு மிகுந்தால் ஒருசில மூச்சிலேயே மயக்கிவிடும். காப்பாற்றக் குதிப்பவரும் அதே தொட்டியில் விழுவார். ஆறு கிலோமீட்டர் ஆழமும் ஆறடித் தொட்டியும் ஒன்றல்ல. ஆனால் இறங்குபவரின் உயிருக்கு உள்ள ஆபத்து ஒன்றே.

இதற்கான கருவிகள் கற்பனையில் இல்லை. கேரள இளைஞர்கள் உருவாக்கிய 'பேண்டிகூட்' என்ற ஆள்துளை ரோபோ கும்பகோணம் உள்ளிட்ட ஊர்களுக்கு வந்துள்ளது. சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகம் மலக்குழிகளுக்காக 'ஹோமோசெப்' என்ற இயந்திரத்தை உருவாக்கி, 2022 முதல் துப்புரவுத் தொழிலாளர் குழுக்களிடம் கொடுத்து வருகிறது. உள்ளே இறங்காமலே இறுகிய கசடைச் சுழல் அலகுகளால் கரைத்து, குழாயால் உறிஞ்சுவது அதன் முறை. கலங்கிய நீரில், கண் தெரியாத இடத்தில் வேலை செய்யும் கையை வடிவமைப்பது இரு துறைகளுக்கும் பொதுவான சிக்கலாகும்.

இன்றைய நிலை

இன்று இந்தியாவின் ஊர்திகள் 5000 மீட்டருக்குக் கீழே சென்று பார்க்கவும் படமெடுக்கவும் ஊரவும் வல்லவை. மனிதர் திரையைப் பார்த்துக் கட்டளையிட்டால் அவற்றின் கைகள் பிடிக்கவும் செய்யும். மனிதரின்றித் தானே சென்று, பழுதைக் கண்டு, தானே சரிசெய்து திரும்பும் ரோபோ உலகிலேயே இப்போதுதான் சோதனையிலிருந்து பணிக்கு வந்துகொண்டிருக்கிறது. இந்தியாவின் பேராழத் தானியங்கு ஊர்தி இறக்குமதியானது என்பதும், உள்நாட்டில் உருவாக்கியவை பெரும்பாலும் குறைந்த ஆழத்துக்கானவை என்பதும் அடுத்த தலைமுறைப் பொறியாளர்களுக்கு முன் உள்ள பணியைக் காட்டுகின்றன. அப்பணிக்கு இயந்திரவியல் மட்டும் போதாது. உலோகவியல், ஒலியியல், கணினியியல், கடல் உயிரியல் ஆகிய அனைத்தும் வேண்டும்.

ஏ.என்.-32 விமானத்தின் சிதைவுகள் 3400 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க முடிந்திருக்கிறது. விழுந்த இடத்தை அறிய ஏழரை ஆண்டுகள் ஆயின. அடுத்த முறை அத்தகைய தேடல் எத்தனை நாட்களில் முடியும் என்பதே இத்துறையின் வளர்ச்சியை அளக்கும் நேர்மையான அளவுகோலாக இருக்கும்.